சவுண்ட்பார் வாங்குமுன் கூரையைப் பாருங்கள்

பத்து காஜாவில் சவுண்ட்பார் வாங்க நினைப்பவர், கடைக்குக் கிளம்புமுன் தன் வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்க்க வேண்டும். தாமானில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு என்றால் தலைக்கு மேல் தட்டையான சிலிங் இருக்கும். பழைய தோட்டத்து வீடு, கம்பத்து வீடு என்றால் பெரும்பாலும் சரிந்த தகரக் கூரை. கடையில் அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருக்கும் எண்களில் ஒரு பகுதி இந்தக் கூரையை நம்பித்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கும் கருவியில் எது நம் வீட்டில் வேலை செய்யும், எது சும்மா கிடக்கும் என்பதைக் கூரையும் சுவரும் தரையும்தான் முடிவு செய்கின்றன.

இப்படி ஒரு கருவி ஏன் தேவைப்பட்டது? பழைய படக்குழாய் டிவிக்கு வயிறு பெரிது. ஒலிபெருக்கி வைக்க அதில் இடம் இருந்தது. அது நம் முகத்தைப் பார்த்தே பேசியது. தட்டை டிவியில் அந்த இடம் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒலிபெருக்கி கீழ் நோக்கியோ பின் நோக்கியோ இருக்கிறது. ஒலி மேசையிலும் சுவரிலும் பட்டு, தெளிவு குறைந்துதான் நம்மிடம் வந்து சேர்கிறது. டிவிக்குக் கீழே நீளப் பெட்டி ஒன்றை வைத்து, அதற்குள் பல சிறிய ஒலிபெருக்கிகளை வரிசையாக அடுக்கி, முகம் பார்த்துப் பேச வைப்பதே சவுண்ட்பாரின் முதல் வேலை.

வீட்டில் வயதானவர் இருந்தால் இந்த முதல் வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம். மனிதப் பேச்சின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சொல்லை அடையாளம் காட்டும் மெய்யொலிகளின் கூர்மையோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. வயதாக ஆக, காது முதலில் இழப்பது மேலே உள்ள அதிர்வெண்களை. ‘சத்தம் கேட்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல’ என்று பாட்டி சொல்வது அதனால்தான். ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது. சொல் அதே இடத்தில் மூழ்கிக் கிடக்கிறது. நடுவில் பேச்சுக்கென்றே தனி ஒலிபெருக்கி உள்ள பாரில் அந்தத் தடத்தை மட்டும் உயர்த்தலாம். கடையில் சோதிக்க வெடிச்சத்தப் படம் வேண்டாம். தமிழ்ச் செய்தியைப் போடச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வாசிப்பவரின் லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியே விழுகின்றனவா என்று கேளுங்கள். இவை மூன்றையும் பிரித்துக் காட்டும் நுட்பம் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் இருக்கிறது. அங்கே குழம்பும் கருவியை விலை என்னவானாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பெட்டி மேல் 3.1 என்றோ 5.1.4 என்றோ எழுதியிருக்கும். முதல் எண் காது மட்டத்தில் வரும் தடங்கள். இரண்டாவது தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர். மூன்றாவது மேலிருந்து வருவதாகத் தோன்ற வேண்டிய தடங்கள். 2.1 என்றால் நடுத்தடம் தனியாக இல்லை. இடமும் வலமும் சேர்ந்து நடுவில் குரல் இருப்பதாக ஒரு மயக்கத்தை உண்டாக்கும். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அந்த மயக்கம் கலைந்துவிடும்.

மூன்றாவது எண்ணுக்குத்தான் அதிகம் செலவாகிறது. தமிழ்ப் படங்கள் இந்தத் துறையில் பின்தங்கியவை அல்ல: 1995-இல் வந்த ‘குருதிப்புனல்’ இந்தியாவில் டால்பி ஸ்டீரியோ ஒலியைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திய படங்களில் ஒன்று; 2012-இல் ‘சிவாஜி’ முப்பரிமாணப் படமாக மறுபடி வந்தபோது டால்பி அட்மாஸ் ஒலியில் வெளியான முதல் இந்தியப் படமானது. அட்மாஸ் வசதியுள்ள திரையரங்கில் தலைக்கு மேலேயே ஒலிபெருக்கிகள் தொங்கும். வீட்டுப் பாரில் அவை இல்லை. பாரின் மேற்புறத்தில் சாய்வாகப் பதித்த ஒலிபெருக்கிகள் சிலிங்கை நோக்கி ஒலியை எறிகின்றன. அது பட்டுத் திரும்பி நம் மேல் இறங்க வேண்டும். அதற்குத் தட்டையான, கெட்டியான, சுமார் 8 முதல் 12 அடி உயரத்தில் உள்ள சிலிங் நல்லது.

தகரக் கூரையில் இது நடக்காது. ஒன்று, சரிவு ஒலியை வேறு திசைக்குத் திருப்பிவிடும். இரண்டாவது, நெளிவு. நெளித் தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் வழக்கமாக 7.6 செ.மீ. இடைவெளி. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. 4,500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ அதே 7.6 செ.மீ. தான். அலைநீளமும் நெளிவும் ஒரே அளவில் வரும்போது ஒலி ஒரே கற்றையாகத் திரும்பாமல் நாலாபுறமும் சிதறுகிறது. ‘மேலிருந்து’ என்று மூளைக்குக் குறிப்புத் தரும் ஒலிகள் இந்த உயர்ந்த பகுதியில்தான் இருக்கின்றன.

பக்கவாட்டு ஒலிக்கும் இதே நிபந்தனை உண்டு. 2004-இல் யமாஹா கொண்டுவந்த ஒய்எஸ்பி-1 இதற்கு முன்னோடி: நாற்பது சிறு ஒலிபெருக்கிகளும் இரண்டு பெரியவையும் ஒரே பெட்டியில். ஒவ்வொன்றும் ஒலிப்பதில் மிகச் சிறிய தாமதம் வைத்தால், எல்லாம் சேர்ந்து ஒரு கற்றையாகி ஒரு திசைக்குத் திரும்பும். நான்கு செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு ஒலிபெருக்கிகள் கற்றையை 45 பாகை திருப்ப வேண்டுமானால் தாமதம் சுமார் 80 மைக்ரோநொடி போதும். கற்றை பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி, பின்னாலிருந்து யாரோ நடந்து வருவதுபோல் கேட்கும். ஆனால் சுவர் வேண்டுமே! ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சமையலறைக்குத் திறந்த வழி என்று பல தாமான் வீடுகள் இருக்கின்றன. அங்கே போன கற்றை திரும்பி வராது. அப்படிப்பட்ட கூடத்துக்குப் பின்னால் வைக்கத் தனி ஒலிபெருக்கிகளோடு வரும் பார்தான் பொருத்தம்.

சுவர் இருந்தால் மட்டும் போதாது, அது அளவோடு திருப்ப வேண்டும். பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லிஸ் காசலுக்குப் போகிறவர்கள் ஒரு வெற்று அறையில் கை தட்டிப் பாருங்கள். 1926-இல் வில்லியம் கெல்லி ஸ்மித் லிஸ்பனில் இறந்தபின் முடிக்கப்படாமல் நின்ற மாளிகை அது. மதராஸிலிருந்து வந்த நம்மவர்களின் கைவேலை. மெத்தையோ திரையோ இல்லாத அறையில் தட்டல் உடனே அடங்காது. ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் 1895-இல் எடுத்துக்கொண்ட சிக்கலும் இதுதான்: விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு ஐந்து நொடிக்கு மேல் எதிரொலித்தது. அரங்க இருக்கைகளின் மெத்தைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டு அளந்தார். அறையின் கொள்ளளவுக்கும் உறிஞ்சும் பரப்புக்கும் உள்ள உறவை அப்படித்தான் கண்டார். கட்டட ஒலியியல் அங்கே பிறந்தது. ஓட்டுத்தரையும் வெறும் சுவரும் உள்ள நம் கூடத்தில் ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் போட்டால் குரலில் வரும் மாற்றத்தை அன்றைக்கே கேட்கலாம். இதைச் செய்து பார்க்காமல் விலை கூடிய கருவிக்கு மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாழ்ந்த ஒலி தனிக்கதை. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.75 மீட்டர், பல தாமான் வீடுகளின் அகலத்தைவிட அதிகம். அறைக்குள் அலை மோதி, ஓர் இடத்தில் வீங்கும், இன்னோர் இடத்தில் காணாமல் போகும். சப்வூஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, தரையோடு தவழ்ந்து எங்கே சீராகக் கேட்கிறது என்று தேடுங்கள். அந்த இடம்தான் சப்வூஃபருக்கு உரியது. ஒட்டிய வீடுகளில் இந்த ஒலி பொதுச்சுவரைத் தாண்டி அண்டை வீட்டுக்குள் போகும் என்பதால் இரவில் குறைத்து வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். மரச்சுவரும் தகரமும் உள்ள வீட்டில் தாழ்ந்த ஒலி வெளியே கசிந்துவிடும். உள்ளே வீக்கம் குறைவு, ஆனால் தகரம் கிடுகிடுக்கும்.

இதைச் சோதிக்க நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது: உறுமி மேளம். தைப்பூசத்தில் கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி வரும்போது பக்கத்தில் நின்று கேட்ட காதுக்கு, உறுமியின் இழுவை ஒலி எப்படி எழுந்து எப்படி அறுபடும் என்பது தெரியும். பதிவைப் போட்டுக் கேளுங்கள். அடி விழுந்ததும் ஒலி நின்று அடுத்த அடிக்கு இடம் விடுகிறதா, அல்லது எல்லாம் ஒரே ‘பூம்’ ஆகிறதா? நிஜத்தில் கேட்டறிந்த ஒலியைக் கொண்டு சோதிப்பவரை விளம்பரம் ஏமாற்ற முடியாது. வாட் எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல்.

பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ இஆர்க் என்ற துளை டிவியிலும் பாரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். புளூரே வட்டுகளின் சுருக்கப்படாத தர ஒலிக்கு அது வேண்டும். இணையவழிப் படங்களின் அட்மாஸ் ஒலிக்குப் பழைய ஆர்க் போதும்.

தகரக் கூரை வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது நல்ல நடுத்தடம் உள்ள 3.1, மிச்சப் பணம் கம்பளத்துக்கும் திரைக்கும். தட்டைச் சிலிங்கும் இருபுறச் சுவரும் உள்ளவர்கள் 5.1.2-க்கோ அதற்கு மேலோ துணிந்து போகலாம். எதை வாங்கினாலும், கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் இடி தொடங்கும்போது மின்செருகியை மட்டும் பிடுங்கினால் போதாது. கூரைமேல் உள்ள தட்டிலிருந்து இறங்கும் வயர் வழியாக மின்னலின் பாய்ச்சல் டிகோடருக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் பாருக்கும் வரும். தட்டு வயரையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள்.