கடல் கடந்த சிப்பாய்களின் கடிதங்கள்

ஊரை விட்டு வந்தவனுக்குத்தான் கடிதத்தின் அருமை தெரியும். பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து போர்முனையில் கிடந்தவன் என்றால் கேட்க வேண்டுமா?

1914-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். முதல் உலகப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பதுங்கு குழிகளில் சேறு, குளிர், குண்டு மழை. காலாட்படையில் பெரும்பகுதி 1915 கடைசியில் அங்கிருந்து கிளம்பியது. குதிரைப்படையோ 1918 வரை இருந்தது. விட்டு வந்தபோது தவழ்ந்த குழந்தை, அதற்குள் ஓடி விளையாடும் வயதாகிவிடும்.

மூன்றாம் மனிதர்கள்

எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்களே அதிகம். எழுத்து தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுப்பார். ஊரில் வேறொருவர் படித்துக் காட்டுவார். நடுவில் ராணுவத் தணிக்கை அலுவலகம் பிரித்துப் பார்க்கும். இத்தனை பேருக்கு முன்னால் மனைவியிடம் மனம் விட்டு என்ன சொல்ல முடியும்? பிள்ளைகள் சுகமா என்று கேட்பதிலேயே ஆசையை எல்லாம் அடக்க வேண்டியதுதான்.

சண்டையைப் பற்றிச் சொல்ல ஜாடை வைத்தார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரன். கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது என்றால் விஷயம் புரிந்துவிடும். தணிக்கைக்காரர்களுக்கும் அது புரிந்துபோனது!

கல்லில் பெயர்கள்

பிரான்சில் நெவ் சாப்பெல் என்ற இடத்தில் 1927-ல் நினைவுச் சின்னம் திறந்தார்கள். கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உள்ளன.

அவர்கள் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தணிக்கைக்காரர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள் மட்டும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மனைவிக்கு மட்டும் என்று நினைத்துச் சொன்ன வார்த்தைகளை இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.