தோள் நோவுதானே என்று இருந்துவிடாதீர்கள்

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் ஒரு சகோதரி என்னைத் தனியே அழைத்தார். அவருடைய கணவர் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடியவர். ஒருநாள் கரைக்கு வந்ததும் தோள்மூட்டு நோகிறதென்று படுத்திருக்கிறார். இவர் எண்ணெய் பூசி உருவிவிட்டார். விடியும்போது கால்கள் இரண்டும் மரத்துப்போயின. இன்று அவர் தடியூன்றித்தான் நடக்கிறார். குடும்பத்தை இவரே உழைத்துப் பார்க்கிறார்.

"அண்டைக்கு இரவே கொண்டுபோயிருந்தா நடந்திருப்பாரோ, மிஸ்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

கடலில் 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையிலிருப்பதைப் போல் இரண்டு மடங்கு. 30 மீற்றரில் நான்கு மடங்கு. அந்த அமுக்கத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழ்கள் உண்டாகும். ஒரே நாளில் பல தடவை இறங்கினால் ஆபத்து இன்னும் கூடும்.

சகோதரிகளே, இந்த அறிகுறிகளை நினைவில் வையுங்கள்: தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் நோவு, தோலில் கடி, திட்டுத்திட்டான நிறமாற்றம், அளவுக்கு மீறிய களைப்பு. கை கால் விறைப்பு, நடக்க இயலாமை, சலம் போகாமை, தலைச்சுற்று, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் என்பன மிக ஆபத்தானவை. பெரும்பாலும் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் இவை தோன்றும். சிலருக்கு ஒரு நாள் கழித்தும் வரலாம்.

விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990 இலக்க இலவச அம்புலன்ஸை அழையுங்கள். ஆளை நேராகப் படுக்க வையுங்கள். உருவ வேண்டாம், சாராயம் கொடுக்க வேண்டாம், நோவு தீருமென்று மீண்டும் கடலில் இறக்கவும் வேண்டாம். "இவர் சுழியோடி, இத்தனை மீற்றர், இத்தனை தடவை இறங்கினவர்" என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது சாதாரண நோவாகத் தெரியலாம். உடனே ஒட்சிசன் கொடுப்பதே முதலுதவி. இதற்கான விசேட அமுக்க அறை திருகோணமலையில் கடற்படையிடம் உண்டு. அனுப்புவதை வைத்தியர் தீர்மானிப்பார்.

அடுத்த முறை சென்றபோது அந்தச் சகோதரிக்குப் பதில் சொன்னேன்: "இரவே போயிருந்தால் உதவியிருக்கலாம். ஆனால் தெரியாமல் செய்தது உங்கள் குற்றமல்ல." சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, சுழியோடப் போகிறவர்களின் வீடுகள் எவையென்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அன்று பின்னேரமே இருவரும் அந்த வீடுகளுக்குப் போனோம்.