கிண்ணத்துச் செல்களும் நம் உடலின் சர்க்கரையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, வயது வந்தோரிடையே சர்க்கரை நோய் மிகுந்த பகுதிகளில் கோவாவுக்கு (26.4 விழுக்காடு) அடுத்த இடத்தில் 26.3 விழுக்காட்டுடன் புதுச்சேரி நின்றது. நால்வரில் ஒருவர். எங்கள் பிள்ளைச்சாவடியில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். 'இந்த மூலிகை சர்க்கரையைக் குறைப்பது ஆய்வகத்தில் நிரூபணம்' என்றொரு செய்தி காலையில் கைப்பேசிக்கு வந்தால், மாலைக்குள் ஊரைச் சுற்றிவிடுகிறது. அதை நம்பி உறவினர் ஒருவர் மாத்திரையையே நிறுத்திவிட்டார். அந்த 'ஆய்வக'த்துக்குள் நடப்பது என்ன?

உணவு உண்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது தசைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டியதும், ஒன்றையொன்று தட்டியெழுப்பும் புரதச் சங்கிலி இயங்குகிறது. அதன் முடிவில், செல்லுக்குள் பதுங்கியிருக்கும் 'குளூட்-4' என்னும் கடத்திப் புரதம் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடுகிறது. சங்கிலியில் எங்கோ தளர்வு ஏற்பட்டால், இன்சுலின் இருந்தும் செல் செவிசாய்ப்பதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. கணையம் பல ஆண்டுகள் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். அது களைத்த பிறகே சர்க்கரை ஏறும்.

ஒருவருக்கு எதிர்ப்பு எவ்வளவு என்பதை அளக்க முடியும். நரம்பின் வழியே இன்சுலினையும் குளுக்கோஸையும் ஒருசேரச் செலுத்தி அளக்கும் முறையை 1979-இல் ரால்ஃப் டிஃப்ரோன்ஸோ குழுவினர் விரிவாக வகுத்தளித்தனர். ஆனால், சங்கிலியின் எந்தக் கண்ணி தளர்ந்தது என்பதை அது காட்டாது. அதற்குத்தான் கிண்ணத்தில் வளரும் செல்கள். 'எல்6' எலியின் தசையிலிருந்து வந்தது. '3டி3-எல்1' சுண்டெலிக் கருவிலிருந்து ஹோவர்ட் கிரீன் 1970-களில் பிரித்தெடுத்து, கொழுப்புச் செல்லாக மாற்றிக் காட்டியது. இவற்றைப் பால்மிடிக் அமிலத்திலோ, அளவுக்கு மீறிய இன்சுலினிலோ ஊறவைத்தால் எதிர்ப்பு உருவாகிறது. பிறகு சோதனைப் பொருளைச் சேர்த்து, குளுக்கோஸ் மீண்டும் உள்ளே போகிறதா என்று பார்க்கிறார்கள்.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. கொழுப்புத் திசு சுரக்கும் 'டிஎன்எஃப்-ஆல்ஃபா' என்னும் அழற்சிப் பொருள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பதை 1993-இல் கோகன் ஹோடமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் குழு கொழுத்த எலிகளில் காட்டியது. அது நிகழும் வழியைத் துலக்கியவை கிண்ணத்துச் செல்களே. ஆனால், அப்பொருளை முடக்கும் மருந்தைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

ஏன்? கிண்ணம் உடல் அல்ல. இச்செல்களை வளர்க்கப் பரவலாகப் பயன்படும் ஊட்டக் கரைசலில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். வெறும் வயிற்றில் நமக்கு 100-ஐத் தாண்டக் கூடாது. அதாவது, 'நலமான' செல்லே கடும் சர்க்கரை நோயாளியின் அளவில்தான் வாழ்கிறது! சேர்க்கும் இன்சுலினோ பெரும்பாலும் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு.

சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் வில்வம், நாவல் சாறுகள் 'எல்6' செல்களில் குளுக்கோஸ் ஏற்பைக் கூட்டின. மதிக்கத்தக்க பணி. ஆயினும் கிண்ணத்தில் செல்லின் மீது நேரே ஊற்றப்படும் சாறு, உடலில் குடலையும் கல்லீரலையும் கடந்து தசையைச் சேர்வதற்குள் என்னவாகும், எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி. 'மேலும் ஆராயத் தகுந்தது' என்பதே இத்தகைய ஆய்வின் செய்தி. அது தலைப்பில் 'நிரூபணம்' ஆவதுதான் சிக்கல்.

இன்னொன்றும் உண்டு. புணேயின் சித்தரஞ்சன் யாக்னிக் தம்மையும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு 2004-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3, கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, இவருக்கு 21.2. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைச் சுமக்கும் இந்திய உடலைச் சுண்டெலிச் செல் எவ்வளவுதான் சொல்லும்?

நோயாளியின் தசையிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் கிண்ணத்திலும் எதிர்ப்பின் சாயலைத் தக்கவைத்துக்கொள்கின்றன. சில்லில் வளர்க்கும் திசுக்களின் சோதனை முடிவுகளையும் மருந்து ஆய்வில் ஏற்கலாம் என 2023-இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியுள்ளது. அறுவை அரங்குகளில் அகற்றி வீசப்படும் கொழுப்புத் திசுவை, நோயாளியின் ஒப்புதலுடன் ஆய்வுக்குத் தரலாம். எங்கள் ஊரை ஒட்டிய காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகமும் உண்டு, மருத்துவக் கல்லூரியும் உண்டு. நால்வரில் ஒருவருக்கு நோயுள்ள மண்ணின் செல்களை இங்கேயே வளர்த்துப் பார்க்க, இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு தடையாக இராது.