எல்லாமே தேவையான ஆணிதான்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. ஒரு பக்கம் தீசிஸ் ஆணி. இன்னொரு பக்கம் நிஜமாவே ஆணி. ரெண்டாவது ஆணியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

என் ரூம்மேட் ஒரு ஹோண்டா சிவிக் டைப்-ஆர் வச்சிருக்கான். 2003 மாடல், இங்க இங்கிலாந்துல ஸ்விண்டன்ல செஞ்சது, சுமார் 200 குதிரைத்திறன். போன மாசம் டோனிங்டன் பார்க்ல டிராக் டே. அதுக்குன்னே வேற கம்பெனி அலாய் வீல் செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு வந்தான். மாட்டினது அடியேன். மெக்கானிக்கல் எம்.எஸ்சி. ஆச்சே, விடுவோமா? பழைய நட்டையே போட்டு, ஸ்பானர் மேல ஏறி நின்னு முடுக்கினேன்.

நாலாவது ரவுண்டு. நான் பக்கத்து சீட்ல. கிரேனர் கர்வ்ஸ் இறக்கத்துல ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சுது. "மச்சி, பஞ்சர்டா"ன்னான். மெதுவா பிட்டுக்கு வந்து பாத்தா, இடது முன் சக்கரத்துல அஞ்சு ஸ்டட்ல ரெண்டு முறிஞ்சு போயிருக்கு. மீதி மூணு நட்டும் விரலாலயே சுத்துது. வயித்தைக் கலக்கிருச்சு.

பக்கத்து காரேஜ்ல இருந்த பெரியவர் ஒருத்தர் முறிஞ்ச முகத்தை டார்ச் அடிச்சுக் காட்டினார். மணல்ல அலை விட்டுட்டுப் போன கோடு மாதிரி வளைவு வளைவா இருந்துச்சு. ஒரே அடியில முறிஞ்சதில்லை, விரிசல் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து முறிஞ்சது. நான் பரீட்சையில பக்கம் பக்கமா எழுதின அதே ஃபெட்டீக்!

காரோட பாரத்தை ஸ்டட் தாங்குதுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. முடுக்கும்போது ஸ்டட் ஸ்பிரிங் மாதிரி துளியூண்டு நீளும். அந்த இழுப்பு வீலை ஹப்போட அமுக்கிப் பிடிக்கும். பாரத்தைத் தாங்குறது அந்த ரெண்டு முகத்துக்கும் நடுவுல இருக்கிற உராய்வு. அமுக்கம் குறைஞ்சா வீல் நகரும், சக்கரம் ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் ஸ்டட் வளையும். கிலோமீட்டருக்கு சுமார் 500 சுத்து. வீட்டுலேர்ந்து டிராக்குக்கே 100 கி.மீ. கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

நான் பண்ணின தப்பு ரெண்டு. ஹோண்டாவோட சொந்த வீலுக்கு நட்டு உட்கார்ற இடம் உருண்டை. நாங்க வாங்கினதுல கூம்பு. உருண்டை நட்டு கூம்புக்குள்ள ஒரு மெல்லிசான வளையத்துல மட்டும்தான் தொடும். அது தேய்ஞ்சா பிடி போச்சு. ரெண்டாவது, என் 70 கிலோவும் 30 செ.மீ. ஸ்பானரும் சேர்ந்தா 200 நியூட்டன் மீட்டருக்கு மேல. மேனுவல் சொல்றது 108.

இப்ப நாங்க செய்யறது:

- வீலுக்குப் பொருந்தற நட்டு மட்டும்.
- ஹப் முகத்துல துரு, பெயிண்ட் சுரண்டிடணும்.
- மரைல எண்ணெய் கூடாது. அதே டார்க்ல ஸ்டட் அளவுக்கு மீறி நீண்டுடும்.
- டார்க் ரெஞ்ச்சால நட்சத்திர வரிசையில முடுக்கணும்.
- 12 மி.மீ. ஸ்டட், 1.5 மி.மீ. மரைன்னா நட்டு குறைஞ்சது 8 சுத்து ஏறணும். ஸ்பேசர் போட்டா நீள ஸ்டட் வேணும்.
- முதல் சில ரவுண்டுக்கு அப்புறம், வீல் ஆறினதும் மறுபடி செக்.
- ஒண்ணு முறிஞ்சா அந்த வீல்ல எல்லாத்தையும் மாத்தணும். மத்ததும் அதே அடி வாங்கினதுதான்.

நாங்க இருபதையும் மாத்திட்டோம். டிராக் டே கட்டணத்துல பாதி கூட ஆகலை.

அன்னிக்கு ராத்திரி அம்மா போன்ல, "கார்ல எல்லாம் வேகமா சுத்தாதடா"ன்னாங்க. "சரிம்மா"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை.