சாவி பெரியம்மா கையில்

"கூட யாரு போறது?"

அறுபது தாண்டிய பெண் தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிறேன் என்றால் எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி இதுதான். காரில் போய், காரிலேயே படுத்து எழுந்து திரும்பப் போகிறேன் என்றால் கேள்வியின் சத்தம் இன்னும் கூடும். எங்கள் வீட்டிலும் கூடியது. கேட்டவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகன். பதில் சொல்லும் பொறுப்பு, வண்டி ஓட்டத் தெரிந்த தங்கச்சி மகளான எனக்கு வந்து சேர்ந்தது.

பெரியம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டில் இருக்கிறோம். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் காப்பிச் செடிகளும் சூழ்ந்த வீடு. சாலை போகாத ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போனவர் அவர். பெரியப்பா இருந்தவரை கார் பெரியப்பாவுடையது. பெரியம்மாவிடம் உரிமம் இருந்தும் செம்மேடு வரை ஓட்டிப் போய் வருவதோடு சரி. பெரியப்பா போன பிறகு வேகன் ஆர் தார்ப்பாய்க்குள் முடங்கிவிட்டது.

அவருக்கு ஓர் ஆசை. எங்கள் மலையின் ஐயாறு, அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை பக்கம் இறங்கி, கடைசியில் காவிரியில் கலக்கிறது. "நம்ம தண்ணி கடல்ல சேர்ற எடத்தப் பாக்கோணும் கண்ணு. பஸ்ஸுல ஓடிப் போயி ஓடி வர்றதுக்கில்ல. தோணுன எடத்துல நின்னு, படுத்து, எந்திரிச்சுப் போகோணும்" என்றார். தினமும் விடுதியில் அறை எடுக்க ஓய்வூதியம் கட்டுப்படியாகாது. காரில் படுக்கலாமே என்பது அவருடைய யோசனைதான்.

காரையே வீடாக்கிக்கொண்ட வயதான பெண்கள் என்றால் பலருக்கும் நினைவு வருவது அமெரிக்கா. ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமட்லேண்ட்' புத்தகமும், க்ளோயி ஜாவ் இயக்கிய அதே பெயர்ப் படமும் அவர்களைப் பற்றியவை. படத்துக்கு 2021இல் சிறந்த படம், இயக்குநர், நடிகைக்கான ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. லிண்டா மே, ஸ்வாங்கி என்ற இரு மூத்த பெண்கள் அதில் தாங்களாகவே வருகிறார்கள். அந்தப் பெண்களில் பலர் வாடகை கொடுக்க முடியாமல், ஓய்வுக்காலச் சேமிப்பு இல்லாமல் வண்டிக்குள் குடியேறியவர்கள். அதைப் படித்து ஆசைப்பட்டுவிடக் கூடாது. நெஞ்சு கனக்கிற கதை அது. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பாப் வெல்ஸ் என்பவர் தொடங்கிய கூடுகை ஒன்று அரிசோனா பாலைவனத்தில் நடந்து வந்தது. வண்டியில் பல காலம் வாழ்ந்தவர்கள், புதிதாக வருகிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது, எப்படிச் சமைப்பது, கழிப்பறைக்கு என்ன செய்வது என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். தனியாக வாழ்கிறவருக்கும் முதல் மாதம் கைப்பிடித்து நடத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பிறகு விலகிக்கொள்ளவும் வேண்டும்.

நம் பக்கத்திலும் பேசப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணகுமார் வேலையை விட்டுவிட்டு, தன் தாயார் சூடாரத்னாவை அப்பாவின் பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் உட்காரவைத்து 2018 ஜனவரியில் நாடு சுற்றக் கிளம்பினார். காலமெல்லாம் சமையலறையிலேயே கழித்த தாய்க்கு ஊர்களைக் காட்டிய பிள்ளை என்று நாடே கொண்டாடியது. நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பெரியம்மா கேட்டது வேறு. அவருக்குப் பின்சீட்டு வேண்டாம். பெர்லினைச் சேர்ந்த ஹைடி ஹெட்சர் 2014இல், தன் 77ஆம் வயதில், 1930ஆம் ஆண்டு ஹட்சன் காரை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றப் புறப்பட்டு 2017இல் ஊர் திரும்பினார். கொச்சியின் ராதாமணி அம்மா எழுபது கடந்தும் கிரேன் உட்பட 11 வகை வாகனங்களுக்கு உரிமம் வைத்திருக்கிறார். பெரியம்மா இந்த வரிசையில் வர விரும்புகிறவர்.

எனவே முதலில் படுக்கையைப் பற்றியோ அடுப்பைப் பற்றியோ நாங்கள் பேசவில்லை. கண்ணைக் காட்டினோம். புரை தொடங்கியிருந்தால் எதிர்வண்டி வெளிச்சம் பூவாய் விரிந்து பாதையை மறைக்கும். தொடக்கநிலைதான், இரவில் ஓட்ட வேண்டாம் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து எங்கள் சட்டம்: பொழுது சாயுமுன் வண்டி நின்றுவிட வேண்டும். உரிமத்தையும் பார்த்தோம். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும்.

அடுத்தது மலை. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. இந்தப் பாதையில் நிதானமாக ஏறி இறங்கப் பழகியவருக்குத் தமிழ்நாட்டில் எந்தச் சாலையும் பயம் காட்டாது. பெரியம்மா ஐந்தடிக்கும் குறைவு. இருக்கையில் ஒரு கெட்டியான மெத்தை வைத்து உயர்த்திய பிறகுதான் பானெட்டின் முனை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் பயம் என்று நினைத்ததில் பாதி, முன்னால் சாலை தெரியாததால் வந்த தயக்கம்தான்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினையே வண்டியை இழுத்துப் பிடிக்கவிட வேண்டும். ஏற்றத்தில் வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றக் கூடாது, வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. பஸ் எதிரே வந்ததும் பெரியம்மாவுக்குக் கை நடுங்கும். "பஸ்காரரு உங்களப் பாத்துட்டாருங்க பெரியம்மா, நீங்க நின்னாப் போதும்" என்பேன். இடப்பக்க இருக்கையில் நான் உட்கார்ந்திருந்த நாட்களில் சொன்னது அநேகமாக அவ்வளவுதான். ஸ்டியரிங்கை ஒரு தடவையும் நான் எட்டிப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அன்றோடு அவர் ஓட்டுவதை விட்டிருப்பார்.

படுக்கை எளிது. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் அடிக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். வேண்டாம் என்றோம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை விருப்பம்போல் மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. பின்சீட்டை மடித்து, அதன்மேல் கழற்றக்கூடிய பிளைவுட் பலகை போட்டோம். முன்சீட்டை நகர்த்திவிட்டால் அவர் உயரத்துக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைக்கிறது. மேலே இலவம்பஞ்சு மெத்தை. பலகைக்கு அடியில் துணி, அரிசி, சாமை, பாத்திரம். ஜன்னல்களுக்குக் கொசுவலைத் துணியைக் காந்தம் வைத்துத் தைத்தோம். உள்ளே இருப்பது தெரியாமலிருக்க அடர்நிறத் திரை. எதையும் பட்டறையில் விட வேண்டிய அவசியமில்லை. செம்மேட்டில் தச்சரும் தையல்காரரும் போதும்.

இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இப்படித்தான் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்திருந்தது. எஞ்சினை நிறுத்தி, எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டுப் படுக்க வேண்டும். அடுப்பும் அப்படியே. பெட்ரோல் பங்குகளில் அடையாள அட்டை காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் போதும். ஆனால் சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில்.

மருந்து விஷயத்தில் எனக்கு அவர்தான் ஆசிரியர். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். வெயிலில் நிற்கும் காருக்குள் அது கெட்டுப்போகும். அவர் தடுப்பூசிப் பெட்டி போன்ற சிறியதொரு பெட்டியை வாங்கிக்கொண்டார். ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் உள்ளே வைக்க மாட்டார். மேசைமேல் பரப்பிவைத்து, மேலே நீர் வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருப்பார். அப்புறம்தான் பெட்டிக்குள் போகும். நேராக வைத்தால் மருந்து உறைந்துவிடும்; உறைந்த இன்சுலின் வெறும் தண்ணீருக்குச் சமம். இத்தனை வருடம் குழந்தைகளுக்கான தடுப்பூசியைக் காப்பாற்றிய அதே கை, இப்போது தனக்கான மருந்தைக் காப்பாற்றுகிறது. ஐஸ் பேக்கை மறுபடி உறையவைக்க வழியில் யாருடைய குளிர்பெட்டியாவது வேண்டுமே? அந்தக் கேள்விதான் இரவு எங்கே தங்குவது என்ற பெரிய கேள்வியையும் தீர்த்துவைத்தது.

பெரியம்மாவோடு செவிலியர் பயிற்சி படித்த தோழிகள் காவிரிக்கரை நெடுகிலும் இருக்கிறார்கள். முசிறியில் ஒருவர், திருவையாற்றில் ஒருவர், கும்பகோணத்தில் இருவர். அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொள்வது, குளியலும் கழிப்பறையும் அவர்கள் வீட்டில், தூக்கம் மட்டும் காரில் என்று ஏற்பாடு. "வீட்டுக்குள்ளயே வந்து படு" என்று எல்லாரும் வற்புறுத்தினார்கள். யார் வீட்டுக் கட்டிலையும் தான் பிடித்துக்கொள்ளவில்லை என்ற நிம்மதி அவருக்கு முக்கியம், அதனால் சம்மதிக்கவில்லை. முதல் பயணத்துக்கு இந்த முறையைவிடப் பாதுகாப்பானது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் இல்லாத ஊரில், நெடுஞ்சாலையில் இரவும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்கில் மேலாளரிடம் சொல்லிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தலாம். பெரிய கோயில்களின் வாகன நிறுத்துமிடத்திலும் காவலாளியிடம் சொல்லிவைக்கலாம். வண்டியின் மூக்கு எப்போதும் வெளியேறும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். சாவி ஒரே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில். டாஷ்போர்டில் பெரிய எழுத்தில் நான்கு எண்கள் ஒட்டினோம்: 112, 108, பெண்களுக்கான 181, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

தாள் வேலைகளில் முன்பிருந்த பல தளைகள் இப்போது இல்லை. ஓய்வூதியர் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கைபேசியில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் மூலம் தரலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தபின் வேறு ஊர்க் கடையிலும் பொருள் வாங்க வழி இருக்கிறது. ஆனாலும் வீட்டை விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ கிளம்பாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். உடம்புக்கு முடியாத நாளில் திரும்பிவந்து கதவைத் திறக்க ஒரு வீடு வேண்டும்.

அண்ணனிடம் வருகிறேன். அவர் கோபத்துக்குள் இருந்தது வெட்கம். "அம்மாவ நடுத்தெருவுல விட்டுட்டான்னு ஊரே பேசும் புள்ள" என்றார். அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. பெற்றவளைப் பார்த்துக்கொள்வதுதான் பிள்ளைக்கு அழகு என்று வளர்ந்தவர் அவர். "நீங்க பாத்துக்கறதுல குறையில்லைண்ணா. அவங்களுக்கு இது வேணும், அதுக்கும் நீங்கதான் உதவோணும்" என்றேன். மறுவாரம் தானே வந்து நான்கு டயர்களையும் மாற்றிக் கொடுத்தார். பஞ்சரானால் ஸ்டெப்னி மாட்ட அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். சக்கர நட்டைக் கையால் தளர்த்த வலு போதாதென்று, குழாயை நீட்டிப் பிடித்து உடல் எடையைக் கொடுத்துக் கழற்றும் முறையைக் காட்டினார். தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கே நிற்கிறோம் என்பதைக் கைபேசியில் அனுப்பிவிட வேண்டும் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டார்.

காவிரியில் தண்ணீர் ஓடும் பருவத்தில் கிளம்பினார். மோகனூர் வரை நான் பின்னால் என் வண்டியில் போனேன். அங்கிருந்து வடகரையோடு காட்டுப்புத்தூர், தொட்டியம், முசிறி. பிறகு திருச்சி, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தால்தான் கால் வீங்காது என்பதால், நின்ற இடங்களே ஏராளம். கல்லணையில் அரைநாள் இருந்தாராம். திருவையாற்றுத் தோழி இரவெல்லாம் கார்க் கதவைத் திறந்துவைத்து அவரோடு பேசிக்கொண்டிருந்தாராம். பூம்புகாரில் நின்று அழைத்தார். "கடல் பெருசா இருக்கு கண்ணு. ஆனா நம்ம தண்ணி எதுன்னு தெரியல" என்றார். குரலில் குறையே இல்லை.

திரும்பி வந்தவர் அடுத்து ராமேசுவரம் என்கிறார். அதற்குள் புரை அறுவைசிகிச்சையை முடித்துக்கொள்ள வேண்டும், பலகையின் ஒரு முனை இடிப்பதைத் தச்சர் இழைத்துத் தர வேண்டும். இதற்கிடையே பக்கத்து நாட்டிலிருந்து ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர் விசாரித்து வந்தார். அவருக்கு ஓட்டவே தெரியாது. பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இடப்பக்க இருக்கையில் உட்காரப் போவது இந்தமுறை பெரியம்மா.