புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையும் எலும்புப் பாதுகாப்பும்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. ஆயுள் பெருகும்போது முதுமைக்கால நோய்களும் பெருகுகின்றன. ஆண்களுக்கு ஏற்படும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் அவற்றுள் ஒன்றாகும். இந்நோய் முற்றிய நிலையில் அளிக்கப்படும் ஹார்மோன் சிகிச்சை பலரது வாழ்நாளை நீட்டித்துள்ளது. எனினும், அதே சிகிச்சை எலும்புகளை நலிவடையச் செய்கிறது. இதனைத் தடுக்கும் வழிகள் எளியவை. பெரும்பாலும் செலவு குறைந்தவை. ஆனால் அவை சிகிச்சையுடன் சேர்த்தே தொடங்கப்பட வேண்டும்.

சிகிச்சையின் அடிப்படை

புராஸ்டேட் புற்றுநோயின் வளர்ச்சி ஆண் ஹார்மோனைச் சார்ந்தது என்பதை அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் இந்த ஹார்மோனை இரு வழிகளில் குறைக்கலாம். ஒன்று, விரைகளை அறுவை மூலம் அகற்றுதல். மற்றது, அதன் சுரப்பைத் தடுக்கும் ஊசி மருந்துகளை மாதம் ஒரு முறையோ மூன்று மாதங்களுக்கு ஒரு முறையோ செலுத்துதல். அறுவை ஒரே முறையில் முடிவதால் செலவு குறைவு. ஆனால் அதன் விளைவு நிரந்தரமானது; எலும்புக்கு நேரும் இடரும் வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

எலும்பு நலிவதேன்?

எலும்பு உயிருள்ள திசுவாகும். அதில் பழைய பகுதி கரைவதும் புதிய பகுதி உருவாவதும் இடையறாது நிகழ்கின்றன. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறி, எலும்பு அளவுக்கு மீறிக் கரையாமல் காக்கிறது. சிகிச்சையால் இவ்விரு ஹார்மோன்களும் குறைந்துவிடுகின்றன. கரைதல் மிகுந்து, அடர்த்தி குறைகிறது. இயல்பான முதுமையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதத்திற்கு மேற்படாத இவ்விழப்பு, சிகிச்சையின் முதலாண்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கலாம். எலும்பு முறியும் வரை நோயாளி வலி எதையும் உணர்வதில்லை.

அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு இவ்விடரின் அளவைப் புலப்படுத்தியது. நோய் கண்டறியப்பட்ட பின் ஐந்தாண்டுகளேனும் வாழ்ந்தவர்களுள், ஹார்மோன் சிகிச்சை பெற்றோரில் 19.4 சதவீதத்தினருக்கும், பெறாதோரில் 12.6 சதவீதத்தினருக்கும் எலும்பு முறிவு ஏற்பட்டது. முதியவர் ஒருவரின் இடுப்பெலும்பு முறிந்தால், அவர் படுக்கையிலேயே முடங்க நேரிடலாம். குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டு அவரைப் பேண வேண்டியும் வரலாம்.

தடுப்பு முறைகள்

சிகிச்சையின் தொடக்கத்திலேயே எலும்பு அடர்த்தியை அளப்பது நன்று. அதற்குரிய கருவி இல்லாத இடங்களில் வயது, உடல் எடை, முந்தைய முறிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கொண்டே இடரை மதிப்பிடலாம்.

நாள்தோறும் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவைப்படுகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. பால், தயிர், கீரை, எள் ஆகியனவும் துணை செய்யும். வெயில் மிகுந்த நம் நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதால், மருத்துவர் ஆலோசனைப்படி அதனை ஈடுசெய்தல் வேண்டும். நடைப்பயிற்சியும், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், புகை, மது விலக்கும் அவசியம். வழுக்கும் குளியலறைத் தரையும் மங்கிய வெளிச்சமும் முறிவுக்குக் காரணமாவதால், அவற்றைச் சீர்செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.

இடர் மிகுந்தோருக்கு அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகிய மருந்துகள் உள்ளன. ஹார்மோன் சிகிச்சை பெற்ற 1,468 பேரிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவு டெனோசுமாப் பெறாதோரில் 3.9 சதவீதமாகவும், பெற்றோரில் 1.5 சதவீதமாகவும் இருந்தது. இம்மருந்துகள் அரிதாகத் தாடையெலும்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், தொடங்குமுன் பல் பரிசோதனை தேவை. டெனோசுமாப் ஊசியை நோயாளி தாமாகவே நிறுத்தினால் எலும்பு இழப்பு விரைந்து திரும்பும்.

நிர்வாகத்தின் பங்கு

புற்றுநோய் உள்ளிட்ட தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கப்பட்டு, மாவட்ட அளவில் செயற்பட்டு வருகிறது. ஹார்மோன் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவரின் மருத்துவக் குறிப்பிலும் எலும்புப் பாதுகாப்புக்கான அறிவுரை இடம்பெறச் செய்யலாம். அதனை ஆரம்ப சுகாதார நிலையம் தொடர்ந்து கண்காணித்தால், கால்சியமும் வைட்டமின் டி-யும் தடையின்றிக் கிடைக்க வழி பிறக்கும். புற்றுநோயிலிருந்து மீட்கப்பட்ட ஆண்டுகளை முதியவர்கள் எழுந்து நடமாடிக் கழிக்க முடிந்தால்தான் அச்சிகிச்சை முழுப்பயன் தந்ததாகும்.