குதிரைக்கும் அலுத்துப் போகும்!

'பெண்கள் பத்திரிகையில் குதிரைக்கு என்ன வேலை?' என்று கேட்கிறீர்களா, சகோதரிகளே? தினமும் அதே அடுப்பு, அதே பாத்திரம் என்று அலுத்துக்கொள்கிற நமக்குத்தான் குதிரையின் மனசு சட்டென்று புரியும்!

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் செம்மங்குப்பம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் என் அண்ணன் ஒரு பெண் குதிரை வாங்கி வந்தார். முதல் மாதம் குஷியாக ஓடியது. அப்புறம் லாயத்தை விட்டு நகரவே அடம்.

"அத்தை, சேணத்தைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்குது!" என்றாள் அண்ணன் மகள்.

"நாலு அடி போட்டா சரியாயிடும். இல்லேன்னா வித்துட வேண்டியதுதான்" என்றார் அண்ணன்.

நான் அடிக்க விடவில்லை. முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். முதுகு வலி, பல்லில் கூர்மை, குளம்பில் புண், பொருந்தாத சேணம் – இதில் எது இருந்தாலும் குதிரை முரண்டு பிடிக்கும். வலியைச் சோம்பல் என்று நினைத்து அடிப்பது பாவமல்லவா? எங்கள் குதிரைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. தினமும் அதே திடலில், அதே திசையில் இருபது சுற்று! அலுக்காமல் என்ன செய்யும்?

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமில்லை. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டு ஸெனஃபன், குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், பயிற்சி தரும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் குதிரைக்கு வெறுப்புத் தட்டாது என்று சொல்லியிருக்கிறார். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்பதும் அவர் சொன்னதுதான்.

நாங்கள் செய்த மாற்றங்கள் இவை:

வாரம் இரண்டு நாள்தான் திடல். அங்கேயும் வலப்பக்கம் பாதி, இடப்பக்கம் பாதி. அப்போதுதான் இரு பக்கத் தசையும் சமமாக உரம் பெறும்.

ஒரு நாள் தரையில் நாலு மூங்கில் கழிகளை மூன்றடி இடைவெளியில் போட்டு, மெல்லத் தாண்டி நடக்கவிடுவோம். பார்த்துக் கால் வைப்பதில் அதன் கவனம் முழுதும் இருக்கும்.

இரண்டு நாள் சவுக்குத் தோப்பு வழியாக உலாவல். ஒரு நாள் கடற்கரை. ஆழமான காய்ந்த மணலில் ஓட்டினால் கால் நரம்பு பிசகிவிடும். தண்ணீர் ஓரத்து இறுகிய ஈர மணலே நல்லது. அதிலும் முதலில் பத்து நிமிஷம் போதும்.

ஒரு நாள் முழு ஓய்வு, மேய்ச்சல் மட்டும்.

புது இடத்துக்கு முதல் தடவை ஏறிப் போகாமல் கையில் பிடித்து நடத்திச் செல்லுங்கள். மிரண்டால் இழுக்காதீர்கள், நின்று பார்க்கட்டும். அதன் மூக்குக்கு நேர் எதிரேயும் வாலுக்குப் பின்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. ஆகையால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் நெருங்குங்கள். லாரி ஓடும் பெரிய சாலை வேண்டாம். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். தலைக்கவசம் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

இரண்டு மாதத்தில், அண்ணன் மகளின் காலடிச் சத்தம் கேட்டாலே கனைக்க ஆரம்பித்துவிட்டது எங்கள் குதிரை. விற்கிற பேச்சை அண்ணன் அப்புறம் எடுக்கவே இல்லை. "இன்னிக்கு எந்தப் பக்கம் போறீங்க?" என்று அவரே விசாரிக்கிறார்!